அக்காவின் பந்து

கோல்ஃப் சொல்லிக்கொடுக்கும்போது நான் ஆளைப் பார்ப்பதில்லை, பந்தைத்தான் பார்ப்பேன். மலேசியாவில், ஈப்போவிலிருந்து லகாட் போகும் சாலையை ஒட்டி, ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய லம்பக் குட்டை ஒன்றைப் பார்த்தபடி ஒரு பயிற்சித் திடல் இருக்கிறது. பல வருடங்களாக அங்கேதான் என் பிழைப்பு. மற்ற பயிற்சியாளர்கள் கைபேசியில் படம் பிடித்து, பாதியில் நிறுத்தி, முழங்கைக்கும் இடுப்புக்கும் கோடு போட்டுக் காட்டுவார்கள். நான் மாணவருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். பந்து எங்கே கிளம்புகிறது, எந்தப் பக்கம் வளைகிறது, எப்படி விழுகிறது என்று மட்டும் கவனிப்பேன். அடிபடும் நொடியில் மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கம்தான் பந்து கிளம்பும். மட்டை குறுக்கே இழுக்கப்பட்டிருந்தால் போகப் போக வளையும். இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் கை என்ன செய்தது, தோள் என்ன செய்தது என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். ஆளைப் பார்த்தால் கண் ஏமாறும். நடனம் மாதிரி மட்டையைச் சுழற்றுபவர் குட்டைக்குள் அடிப்பார். கட்டை வெட்டுவதுபோல நிற்பவர் நேராக அடிப்பார்.

அக்கா எங்கள் திடலுக்கு வந்தது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடத்தில். கமுந்திங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சின்ன வயதிலேயே சேர்ந்து, கடைசியில் சூப்பர்வைசராக வெளியே வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டேன். அவரும் என்னைத் தம்பி என்றார். கூட வந்த கணவர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர்தான் காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கே போனாலும் இரண்டு பேரும் சேர்ந்தே போவார்கள் என்பது பிறகு தெரிந்தது.

"ஏன்க்கா, கமுந்திங்லேர்ந்து இவ்ளோ தூரம் வாரீங்க? தைப்பிங் பக்கத்துலயே பழகலாமே?" என்று கேட்டேன்.

"அங்க போனா பழைய மேனேஜர் எவனாச்சும் பக்கத்துல வந்து நிப்பான் லா. நான் மொதல்ல நல்லா அடிக்கப் பழகிக்கிறேன். அப்புறம் நானே அவன் பக்கத்துல போய் நிக்கிறேன்."

"கோல்ஃப் மேல எப்படிக்கா ஆசை வந்துச்சு?"

"ஆசையெல்லாம் இல்ல தம்பி. வெள்ளிக்கிழம மீட்டிங் முடிஞ்சா ஆம்பளைங்க எல்லாம் கோல்ஃப் போயிருவாங்க. திங்கக்கிழம வேலைக்குப் போனா எங்க லைனையே மாத்தி வச்சிருப்பாங்க. எங்க சார் இந்த முடிவு எடுத்தீங்கன்னு கேட்டா, பதினோராவது குழியிலன்னு சொல்லி சிரிப்பாங்க. அந்தக் குழியில அப்படி என்னதான் இருக்குன்னு நான் பாக்கணும்."

அக்காவின் கணவரை அண்ணன் என்று கூப்பிட்டேன். அவர் மட்டையைத் தொடவே மாட்டார். திடலின் முன்னால் இருக்கும் தண்ணிக்கடையில் ஐஸ் போட்ட தே ஓ, பாலில்லாத தேநீர், வாங்கிக்கொண்டு பேப்பர் படிப்பார். "பந்த அடிச்சித் தொலைச்சிட்டு, அப்புறம் அதத் தேடிக்கிட்டு நடக்குறதா? எனக்கு வேணாம்பா" என்பார்.

முதல் சில மாதங்கள் அக்கா அடித்ததெல்லாம் வாழைப்பழம்தான். பந்து இடப்பக்கம் கிளம்பி நடுவானில் வலப்பக்கமாக வளைந்து ஓடிப்போவதை எங்கள் திடலில் எல்லாரும் மலாயில் பீசாங், வாழைப்பழம், என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லாருக்கும் அது வரும். ஆனால் அக்கா மற்றவர்களைப் போல அலுத்துக்கொள்ளவில்லை. பந்தைப் பார்த்து நான் பேசும் முறை அவருக்கு உடனே பிடித்துப்போனது.

"இது எங்க பேக்டரி மாதிரிதான் தம்பி. வெளிய வர்ற சாமானப் பாத்தா போதும். உள்ள எந்த ஸ்குரூ லூஸுன்னு தெரிஞ்சிரும்."

ஒவ்வொரு பந்து போனதும் நான் வாயைத் திறக்கும் முன் அவரே சொல்லிப் பார்ப்பார். "முகம் திறந்து இருந்துச்சு. சரியா?" "இப்ப குறுக்க இழுத்துட்டேன்." சரியாகச் சொல்லிவிட்டால் திரும்பி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். வருடம் முடிவதற்குள் அவருக்கென்று ஒரு பந்து வந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் கையெழுத்துபோல ஒன்று அமையும். அக்காவின் பந்து சற்றே வலப்பக்கம் கிளம்பும். அதிக உயரம் போகாது. உச்சிக்குப் போனதும் ஒரு நொடி யோசிப்பதுபோல நிற்கும். பிறகு இடப்பக்கம் மெல்லத் திரும்பி, நினைத்த இடத்தில் விழுந்து உருளும். கடைக்குப் பின்னால் நான் கை கழுவிக்கொண்டிருந்தாலும், தூரத்தில் ஒரு பந்து அப்படித் திரும்புவதைக் கண்டால் அக்கா வந்துவிட்டார் என்று தெரியும்.

அந்தப் பந்துதான் மாறத் தொடங்கியது.

முதலில் தூரம் குறைந்தது. அது யாருக்கும் நடக்கும். தூக்கம் சரியில்லை என்றால் குறையும், வெயில் அதிகம் என்றால் குறையும். பிறகு திசை கெட்டது. ஒன்று வலப்பக்கம் மிதந்து போகும், அடுத்தது இடப்பக்கம் தரையோடு ஓடும், அதற்கடுத்தது பழையபடி அழகாகத் திரும்பி விழும். நான் பிடியை மாற்றச் சொன்னேன், நிற்கும் இடத்தை மாற்றச் சொன்னேன். அக்கா சொன்னதை அப்படியே செய்தார். எதுவும் பலிக்கவில்லை.

எனக்குப் புரியாமல் போனது அந்த ஒழுங்கின்மைதான். தவறு என்றால் அது திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும். கை தவறாகப் பழகியிருந்தால் பந்தும் அதே தவறைத்தான் காட்டும். அக்காவின் சுழற்சியில் எதுவும் மாறவில்லை. பந்து மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு கதை சொல்லியது. அப்படியென்றால் பந்தில் படும் நொடியில் மட்டை கைக்குள் திரும்புகிறது. யாரோ கதவைத் தட்டும்போது பிடி தளர்ந்துபோவதுபோல, இடது கை மட்டையை விட்டுவிடுகிறது.

அன்றுதான் நாற்காலியை விட்டு எழுந்து போய் அவர் கையைப் பார்த்தேன். கோல்ஃப் அடிப்பவர்கள் இடது கையில் மட்டும் மெல்லிய கையுறை போடுவார்கள். அக்காவின் கையுறை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சுருங்கி, உள்ளே காற்றுப்போன பை மாதிரி தொங்கியது.

"கிளவுஸக் கழட்டுங்கக்கா."

கழற்றினார். இரண்டு விரல்களுக்கும் இடையில் புடைத்து இருக்கவேண்டிய சதை இல்லை. அங்கே ஒரு பள்ளம். வலது கையைப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அந்தக் கையில் சதை இருந்தது.

"இது எப்போலேர்ந்துக்கா?"

அப்போதுதான் அக்காவும் பார்த்தார் என்று நினைக்கிறேன். இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிளவுஸ்தான் இழுத்துப் பெருசாப் போச்சுன்னு நெனச்சேன் தம்பி. போன வாரம் சின்ன சைஸ் வாங்குனேன்."

என் இரண்டு விரல்களை நீட்டி இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். வலது கை என் விரலை நசுக்கியது. இடது கை ஈரத் துணி சுற்றியதுபோல இருந்தது.

"வயசு லா தம்பி. துணி காயப்போடுற கிளிப்பக்கூட அமுக்க முடியல. இவருதான் இப்பல்லாம் துணி காயப்போடுறாரு."

"டாக்டரப் பாருங்கக்கா."

"பாக்கலாம், பாக்கலாம்."

அவர் பார்க்கமாட்டார் என்று தோன்றியது. கடைக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, கையில் என்ன, எந்த இடத்தில் என்று இரண்டு தடவை கேட்டார். பாதித் தே ஓவை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். அன்று மிச்சப் பந்துகளை அக்கா அடிக்கவில்லை.

அதன்பிறகு பல மாதங்கள் மருத்துவமனைக் கதைதான். முதலில் கழுத்து எலும்பு என்றார்கள். படம் எடுத்துப் பார்த்து, கழுத்து இல்லை என்றார்கள். தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்கு அனுப்பினார்கள். நரம்பில் மின்சாரம் விட்டுச் சோதித்தார்கள். ஊசியைத் தசைக்குள் குத்தி வைத்துக்கொண்டு கையை மடக்கச் சொன்னார்கள். அந்தப் பெண் டாக்டர் நல்ல மாதிரி என்று அக்கா சொன்னார். ஒவ்வொன்றையும் உட்காரவைத்து விளக்கினாராம், அவசரப்படவில்லையாம்.

ஒருநாள் மத்தியானம் அண்ணன் போன் செய்தார். பின்னால் ஆஸ்பத்திரி ஒலிபெருக்கியில் யாரையோ நம்பர் சொல்லிக் கூப்பிடும் சத்தம்.

"தம்பி, பேரு சொல்லிட்டாங்க. எனக்கு வாயில வரல."

போன் கைமாறியது.

"மோட்டர் நியூரான் நோயாம் தம்பி" என்றார் அக்கா. "நரம்பு செத்துக்கிட்டே வருமாம். கையி, காலு, அப்புறம் பேச்சு, அப்புறம் மூச்சு. மருந்து இருக்கு, ஆனா நிறுத்தாதாம். கொஞ்சம் மெதுவாக்குமாம்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன்.

"சரி, செவ்வாக்கிழம வாரேன். அதே நேரம்தானே?"

"வாங்கக்கா" என்றேன்.

போனை வைத்துவிட்டு அந்த நோயின் பெயரைக் கைபேசியில் தேடிப் படித்தேன். பாதியில் மூடிவிட்டேன். நின்று அடிக்க விரித்திருக்கும் பக்கத்துப் பாயில் ஒரு சீனர் அடித்த பந்து வலப்பக்கம் போய்க் குட்டையில் விழுந்தது. "அண்ணே, ஏன் இப்படிப் போவுது?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். எங்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும். ஏன் போகிறது என்று அவருக்குச் சொன்னேன். உடனே சரியாகிவிட்டது. அந்தச் சுலபம் எனக்குக் கசந்தது.

செவ்வாய்க்கிழமை அக்கா வந்தார். முடியை வெட்டியிருந்தார். இனிமேல் ஒரு கையால் பின்ன முடியாது என்று சொல்லிச் சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். டாக்டரம்மா என்னைய மூணு மாசத்துக்கு ஒரு தடவதான் பாக்குறாங்க. நடுவுல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. இவருகிட்ட கேட்டா, நீ நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுவாரு. நீங்க பந்தப் பாத்துச் சொல்லுங்க. எவ்ளோ போயிருக்கு, எங்க போயிருக்குன்னு."

"அக்கா, நான் டாக்டர் இல்லக்கா."

"டாக்டர் வேல நான் கேக்கல. நீங்க எப்பவும் சொல்றதத்தான் சொல்லச் சொல்றேன்."

எப்போதும் சொல்வது என்றால், பந்தைப் படித்துவிட்டு அதற்கு ஒரு வழியும் சொல்வேன். கட்டைவிரலை இந்தப் பக்கம் வையுங்கள், தோளை அவசரமாகத் திறக்காதீர்கள் என்று ஏதாவது ஒன்று இருக்கும். படிப்பது பாதி வேலை, மாற்றுவது மீதி வேலை. மாற்ற வழியில்லாத ஒன்றைப் படித்து யாருக்கும் நான் சொன்னதில்லை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

அப்படி ஆரம்பித்தது. வாரத்தில் இரண்டு நாள் வருவார். அடிப்பார். திரும்பிப் பார்ப்பார். நான் சொல்லவேண்டும்.

"பந்துல படுற நொடிக்கு முன்னாலயே இடது கை விட்டுடுதுக்கா. போன மாசம் பந்துல பட்டப்புறம்தான் விட்டுச்சு."

"சரி."

"மணிக்கட்டு இப்ப மடங்கல."

"சரி."

அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். தொழிற்சாலையில் இரவுப் பணியாளர் காலைப் பணியாளரிடம் லைனை ஒப்படைக்கும்போது கேட்பதுபோல, முகத்தில் எதுவும் இல்லாமல் கேட்பார்.

சும்மா இருக்க முடியாமல் நான் ஏதேதோ செய்துபார்த்தேன். மட்டையின் பிடியில் ரப்பர் நாடாவைச் சுற்றித் தடிப்பாக்கினேன். பள்ளிப்பிள்ளைகளுக்கான சின்ன மட்டையைக் கொண்டுவந்தேன். கையுறையில் ஒட்டும் பட்டையைத் தைத்து, மட்டையோடு கையைச் சேர்த்துக் கட்டினேன். ஒவ்வொன்றும் சில வாரங்கள் உதவியது. அந்தச் சில வாரங்களும் பந்து கொஞ்சம் அழகாகப் போகும். எனக்குள் ஒரு முட்டாள் சந்தோஷம் வரும். பிறகு நோய் அதைத் தாண்டிப் போய்விடும்.

தேவாலயத்தில் அக்காவுக்காக ஜெபிக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். "செய்ங்க தம்பி. நான் மாரியம்மனுக்கு நேந்து வச்சிருக்கேன். எல்லாப் பக்கமும் நடக்கட்டும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நின்றேன். குணமாக்கும் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அக்காவின் பேரை மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

ஒருநாள் அவருடைய வலது கையின் பந்தில் அதைப் பார்த்தேன். அந்த நாட்களில் பெரும்பாலும் வலது கையால்தான் அடித்துக்கொண்டிருந்தார். பந்து கிளம்பி, உயரம் போகாமல், களைத்துப்போய் வலப்பக்கம் சரிந்தது. அடுத்தது இடப்பக்கம். அதற்கடுத்தது மறுபடி வலப்பக்கம். இடது கையில் முதன்முதலாகப் பார்த்த அதே ஒழுங்கின்மை. அக்கா திரும்பினார்.

"காத்துக்கா" என்றேன்.

அவர் திடலின் நடுவே நட்டிருந்த கொடியைப் பார்த்தார். அது கம்போடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. ஈப்போவின் மத்தியான வெயில், புல்கூட அசையவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, பொய் சொன்னா நான் வர மாட்டேன்."

"வலது கையிலயும் வந்துருச்சுக்கா."

"ம்" என்றார். பந்துகள் இருந்த கூடையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். கடைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அவருகிட்ட இன்னைக்குச் சொல்லாதீங்க. அவருக்குப் பொறந்தநாளு. மீன்தலைக் கறி சாப்பிடப் போறோம்" என்றார்.

அவர்கள் காரில் ஏறிப் போகும்வரை நான் நாற்காலியிலேயே இருந்தேன்.

அதற்குப் பின்தான் உண்மையான மைதானத்தில் ஒரு தடவை ஆடவேண்டும் என்று கேட்டார். அவ்வளவு நாளும் திடலில் பாயில் நின்றுதான் அடித்திருந்தார். ஒரு வார நாளில், எனக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக ஏற்பாடு செய்தேன். அந்த மைதானம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். பால்மரங்களை வெட்டிவிட்டுப் புல் போட்டிருக்கிறார்கள். ஓரங்களில் இன்னும் சில மரங்கள் வெட்டுத் தழும்போடு நிற்கின்றன. அண்ணனின் குடும்பம் அந்த மாதிரித் தோட்டம் ஒன்றிலிருந்து வந்ததுதான். சுற்றிப் பார்த்துவிட்டு, "ரப்பர் ஒட்டுப்பால் நாத்தம் இல்ல. நல்லது" என்று மட்டும் சொன்னார். மைதானத்துக்குள் ஓடும் சிறிய வண்டியை அவரே ஓட்டினார்.

பத்தாவது குழியிலிருந்து தொடங்கினோம். அப்போதுதான் பதினோராவது சீக்கிரம் வரும். அக்காவின் கைகளை மட்டையோடு கட்டிவிட்டேன். அடித்தார். பந்து எழும்பவில்லை. புல்லில் உருண்டு, வண்டி நிற்கும் தூரம் போய் நின்றது. வண்டியில் ஏறி அந்தக் கொஞ்ச தூரம் போய், இறங்கி, மறுபடி அடித்தார். மறுபடி கொஞ்ச தூரம். நான் எதையும் படித்துச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பதினோராவது குழியில் ஒரு சின்னக் குளமும், அதைத் தாண்டி மணல் பள்ளமும், ஒரு மரத்தடியில் சிமெண்டு பெஞ்சும் இருந்தன. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து நன்றாகச் சுற்றிப் பார்த்தார்.

"இவ்ளோதானா?" என்றார்.

"இவ்ளோதான்க்கா."

"இதுக்கா என்னைய வரக்கூடாதுன்னானுங்க?" என்று சொல்லி அவர் சிரித்தபோது மூச்சு வாங்கியது. அண்ணனும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதற்குள் பின்னால் ஒரு குழு வந்து நின்றுவிட்டது. நான்கு ஆண்கள், நல்ல உடை, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் கையசைத்து, எங்களைத் தாண்டிப் போங்கள் என்றேன். அவர்கள் வரும் நேரத்தில் அக்கா எழுந்து, குளத்துக்கு இந்தப் பக்கமிருந்து ஒன்று அடித்துப்பார்த்தார். பந்து தண்ணீரின் ஓரத்தில் சேற்றில் புதைந்தது. கடந்துபோன ஒருவர் நின்றார். ஐம்பது வயதிருக்கும், சிரித்த முகம்.

"ஆன்ட்டி, இடது கைய நல்லா இறுக்கிப் பிடிக்கணும். அதுதான் எல்லாம்" என்றார் ஆங்கிலத்தில். தன் கையை நீட்டிப் பிடித்தும் காட்டினார்.

அவர் சொன்னது சரி. அதே வார்த்தையை அக்காவிடம் நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவரைப் பிடித்துத் தள்ளவேண்டும்போல இருந்தது. அதே நேரம், அவரிடம் என்ன தப்பு கண்டுபிடிப்பது என்றும் தெரியவில்லை. அண்ணன் வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்.

"தேங்க் யூ" என்றார் அக்கா. "டிரை பண்றேன்."

அவர்கள் போனபிறகு கைக்கட்டை அவிழ்க்கச் சொன்னார். கருமேகம் கூடிவந்தது. இடிக்கு எச்சரிக்கையாகச் சங்கு ஊதினார்கள். வண்டியைத் திருப்பினோம். பன்னிரண்டாவது குழியைப் பார்க்கவில்லை.

அக்கா அதற்குப் பிறகு மட்டையைப் பிடிக்கவில்லை. சில தடவை திடலுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் அடிப்பதைப் பார்த்தார். வார்த்தைகள் அப்போதே குழையத் தொடங்கியிருந்தன. கடைசியாக வந்த நாளில் கடைப் படியில் கால் மடங்கி விழுந்தார். நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். உடம்பு இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. மறுவாரம் அண்ணன் போன் செய்து, "இனிமே நிக்க முடியாது தம்பி. வர மாட்டோம்" என்றார்.

திங்கட்கிழமை எங்கள் திடலுக்கு விடுமுறை. அன்றைக்கு நான் கமுந்திங் போவேன். தாமான் குடியிருப்பில் அவர்களுடையது கடைசி வீடு. கூடத்திலேயே கட்டில் போட்டிருக்கிறார்கள். அண்ணன் எல்லாவற்றையும் தனியாகக் கற்றுக்கொண்டிருக்கிறார். குழாய் வழியாகச் சாப்பாடு கொடுப்பது, சளி எடுப்பது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம். நான் உதவுகிறேன் என்று முதல் நாள் கையைக் கொடுத்தேன். தோளைப் பிடித்து இழுத்துவிட்டேன். அக்காவின் முகம் சுருங்கியது.

"இழுக்காதீங்க தம்பி. இடுப்புக்குக் கீழ கைய விட்டு, மெதுவா உருட்டணும். இங்க பாருங்க" என்று அண்ணன் காட்டினார். பந்த அடிச்சித் தொலைக்கிற விளையாட்டு எனக்கு வேண்டாம் என்ற மனிதர்.  அவர் காட்டியபடி மறுபடி கையை விட்டேன்.

அக்காவுக்கு இப்போது கண் மட்டும்தான் அசைகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிப் பலகை கொடுத்திருக்கிறார்கள். அதில் எழுத்துகள் ஒட்டியிருக்கும். எதைப் பார்க்கிறாரோ அந்த எழுத்தை நாம் சொல்லவேண்டும். சரி என்றால் ஒருமுறை கண்ணை மூடித் திறப்பார். தமிழ் எழுத்து முழுவதையும் ஒட்ட இடம் போதாது என்று ரூமி எழுத்து, மலாய்க்கு எழுதும் ஆங்கில எழுத்து, வைத்திருக்கிறார்கள். அக்கா நினைப்பது தமிழில், காட்டுவது ரூமியில். அண்ணன் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். ஒவ்வொரு எழுத்தையும் சத்தமாகச் சொல்லி, கூட்டிப் பார்த்து, தப்பாகக் கூட்டி, மறுபடி தொடங்குவார். ஆனாலும் பெரும்பாலும் பலகை அவருக்குத் தேவைப்படாது. அக்கா பார்க்கும் விதத்திலேயே தலையணையா, தாகமா, வலியா என்று கண்டுபிடித்துவிடுவார். எனக்கு ஒன்றும் தெரியாது. அத்தனை வருடம் அவர் அடித்த பந்தைப் பார்த்து என்னென்னவோ சொன்னவன், அவர் என்னையே பார்க்கும்போது என்ன சொல்கிறார் என்று தெரியாமல் நிற்பேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அண்ணனும் நானும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அக்காவின் கண் அங்குமிங்கும் வேகமாக அலைந்தது. அண்ணன் கோப்பியை வைத்துவிட்டுப் பலகையை எடுத்தார்.

"கே. ஏ. சரியா? கே, ஏ." அக்கா கண்ணை மூடித் திறந்தார். அடுத்த எழுத்துக்குப் போகும் முன் கண் தளர்ந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் களைத்துவிடுகிறார்.

"காலா? கால் வலிக்குதா?" என்றார் அண்ணன். இல்லை.

"கண்ணா? கண்ணத் தொடைக்கவா?" இல்லை.

"கதவா, அண்ணே? சாரல் அடிக்குது" என்றேன். போய்க் கதவைச் சாத்தினேன். அக்கா பார்வையை மாற்றவில்லை. மறுபடி திறந்தேன். அதுவும் இல்லை.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினோம், தாழ்த்தினோம். போர்வையை எடுத்தோம். காத்தாடியை நிறுத்தினோம். டிவியைப் போட்டோம். கந்தசாமி கோயில் படத்தைக் கொண்டுவந்து காட்டினார் அண்ணன். கொல்லையில் அக்கா வைத்த கறிவேப்பிலைச் செடியில் ஒரு கொப்பை நனைந்துகொண்டே போய் ஒடித்து வந்தார். அக்காவின் மூக்கருகே பிடித்தார். அக்கா அவரைப் பார்த்தார். அது சிரிப்பா, கோபமா, என்னால் சொல்ல முடியவில்லை. அண்ணனாலும் அன்று சொல்ல முடியவில்லை.

பலகையை மறுபடி உயர்த்தினோம். அக்கா அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"தூங்கட்டும். எழுந்தா சொல்லுவா" என்றார் அண்ணன். ஈரத் தலையைத் துண்டால் துடைத்தார். ஆறிப்போன கோப்பியைக் குடித்து முடித்தார். "சில நாள் இப்படித்தான் தம்பி."

மழை விடும்வரை உட்கார்ந்திருந்தேன். அக்கா எழுந்தபோது அண்ணன் மறுபடி கேட்டார். அடுத்த வாரம் போனபோது நானும் கேட்டேன். இரண்டு தடவையும் அவர் பலகையைப் பார்க்கவில்லை. மறந்துவிட்டாரா, இனித் தேவையில்லை என்று விட்டுவிட்டாரா தெரியாது. என்ன கேட்டார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் இன்றுவரை தெரியவில்லை.